ஓய்வில் சாகும் பேட்டரி

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது முதலில் அறிவிக்கப்பட்டது 21 நாள். பிறகு அது நீண்டுகொண்டே போனது. வாசலிலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் தெருவோரத்திலும் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. தளர்வு வந்து சாவியைத் திருப்பியபோது பல வண்டிகளில் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து அடங்கியது. டயர் தேயவில்லை, பிரேக் தேயவில்லை, எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. பேட்டரி செத்திருந்தது.

கணக்குப் போட்டால் காரணம் பாதி புரிந்துவிடும். சிறிய கார் ஒன்றின் பேட்டரி 35 ஆம்பியர் மணி கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பூட்டி நிறுத்திய பிறகும் திருட்டு அலாரம், கடிகாரம், எஞ்சின் கணினியின் நினைவகம் எல்லாம் விழித்தேதான் இருக்கும். மொத்தமாக 40 மில்லி ஆம்பியர் என்றால் மிகை இல்லை. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் மணி. 21 நாளில் 20. பேட்டரியில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. அதே காரை ஒருமுறை ஸ்டார்ட் செய்ய எவ்வளவு ஆகும்? 150 ஆம்பியர் வீதம் 2 வினாடி இழுத்தாலும் 0.08 ஆம்பியர் மணிதான். சும்மா நிற்கும் ஒரு நாள், பேட்டரியைப் பொறுத்தவரை பன்னிரண்டு ஸ்டார்ட்டுக்குச் சமம்.

இறங்கிய சார்ஜைத் திரும்ப ஏற்றினால் சரியாகிவிடாதா? பல பேட்டரிகள் சரியாகவில்லை. மீதிப் பாதிக் காரணம் வேதியியலில் இருக்கிறது.

1859-இல் காஸ்தோன் பிளான்டே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் இரண்டு ஈயத் தகடுகளை நடுவே ரப்பர் பட்டை கொடுத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தக்கூடிய முதல் பேட்டரி அப்படித்தான் பிறந்தது. 1881-இல் கமீல் ஃபோர், ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டில் பூசும் வழியைக் கண்டார். இன்று உங்கள் இருசக்கர வாகனத்தின் சீட்டுக்கு அடியில் இருப்பதும் அதே வேதியியல்தான்.

நேர்த் தகட்டில் ஈய டை-ஆக்சைடு. எதிர்த் தகட்டில் நுண்துளைகள் நிறைந்த ஈயம். நடுவே கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்ஃபேட் படியும். சல்ஃபேட் முழுவதும் அமிலத்திலிருந்து வருவதால் அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். சார்ஜ் ஏற்றும்போது ஈய சல்ஃபேட் கரைந்து, அமிலம் மறுபடி கெட்டிப்படும். இப்படி ஒரு செல்லில் கிடைப்பது 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். ஆறு செல் சேர்ந்தால் 12 வோல்ட் பேட்டரி.

ஈய சல்ஃபேட் கரைய வேண்டுமானால் அது புதிதாக, பொடிப்பொடிப் படிகமாக இருக்க வேண்டும். பதநீரைப் பாகாகக் காய்ச்சி அசையாமல் வைத்துவிட்டால், வாரங்கள் போகப்போக அது கட்டி கட்டியான பனங்கற்கண்டாக விளைகிறது அல்லவா? சார்ஜ் இறங்கிய பேட்டரியைத் தொடாமல் வைத்திருந்தாலும் உள்ளே இதுதான் நடக்கும். சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து வளரும். பெரிய படிகத்துக்கு எடைக்கு ஏற்ற மேற்பரப்பு கிடையாது. மின்சாரத்தையும் அது கடத்தாது. சார்ஜர் எவ்வளவு தள்ளினாலும் அது அசையாது. பேட்டரி கடைக்காரர்கள் 'சல்ஃபேட் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான்.

மூடிய பேட்டரிகளுக்கு இதைவிட மோசமான ஓர் ஆபத்தும் உண்டு. சார்ஜ் முழுக்க வற்றியபின் அமிலம் கிட்டத்தட்ட வெறும் நீராகிவிடும். கெட்டியான கந்தக அமிலத்தில் மிகச் சொற்பமாகவே கரையும் ஈய சல்ஃபேட், நீரில் சற்றுக் கூடுதலாகக் கரையும். அப்படிக் கரைந்த ஈயம், தகடுகளுக்கு நடுவே இருக்கும் கண்ணாடி இழைப் பாய்க்குள் ஊறிவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அது பாய்க்குள்ளேயே உலோக ஊசியாக வளர்ந்து ஒரு தகட்டை மற்றொன்றோடு இணைத்துவிடும். செல் ஷார்ட். அதன் பிறகு எந்தச் சார்ஜராலும் பயன் இல்லை. 'காலி ஆகட்டும், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்' என்ற பழக்கத்தை நான் இவ்வளவு அழுத்தமாக எதிர்ப்பது இதனால்தான். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்குச் சொல்லப்பட்ட அந்த ஆலோசனை ஈய பேட்டரிக்கு விஷம்.

பேட்டரியை ஏன் மூடினார்கள் என்பதற்கு வருவோம். பழைய கார் பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அந்த நீர் எங்கே போனது? ஆவியானது கொஞ்சம்தான். ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட் அளவில், அதாவது மொத்தத்தில் 14.4 வோல்ட்டை நெருங்கும்போது, ஏற்றும் மின்சாரம் ஈய சல்ஃபேட்டை மாற்றுவதோடு நிற்காமல் நீரையும் பிளக்கத் தொடங்கும். நேர்த் தகட்டில் ஆக்சிஜன், எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கலாம். குமிழி உடையும்போது தெறிக்கும் அமிலத் துகள்கள் சுற்றியிருக்கும் இரும்பை அரிக்கும். படகில் இன்னும் சிக்கல்: படகு ஆடும்போது அமிலம் சிந்தும், கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தால் அதிலுள்ள உப்பிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் மிகவும் பயந்த விபத்துகளில் அது ஒன்று.

முதலில் வந்த விடை ஜெல். 1950-களின் இறுதியில் ஜெர்மனியின் சோனன்ஷைன் நிறுவனத்தில் ஓட்டோ யாஹே, அமிலத்தில் நுண்ணிய சிலிக்காவைக் கலந்து அதை உறைய வைத்தார். உறைந்த அமிலம் சிந்தாது. அடுத்த விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் பெல்ட்டும் ஹோஸும் செய்துகொண்டிருந்த கேட்ஸ் ரப்பர் நிறுவனத்தில் ஜான் டெவிட், டொனால்ட் மக்லெலண்ட் இருவரும் 1970-களின் தொடக்கத்தில் கண்ணாடி இழைப் பாய் வைத்த செல்லை உருவாக்கினார்கள். அவர்களின் காப்புரிமை 1975-இல் வெளியானது. இன்று ஏ.ஜி.எம். என்ற பெயரில் நாம் வாங்கும் பேட்டரிகளின் மூலம் அதுதான்.

அவர்கள் செய்த காரியம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அமிலத்தைத் தகடுகள் மூழ்கும்வரை ஊற்றாமல், பாய் ஈரமாகும் அளவுக்கு மட்டும் விட்டார்கள். பாயின் இழைகளுக்கு நடுவே சில நுண்துளைகள் வெறுமையாகவே இருக்கும். சார்ஜ் நிறையும் கட்டத்தில் நேர்த் தகட்டில் பிறக்கும் ஆக்சிஜன், திரவத்தின் மேல் குமிழியாக எழும்பி வெளியேறாமல், அந்தத் துளைகள் வழியே குறுக்கே நடந்து எதிர்த் தகட்டுக்குப் போகிறது. அங்கே ஈயத்தோடு கூடி ஆக்சைடாகி, அமிலத்தோடு வினைபுரிந்து ஈய சல்ஃபேட்டும் நீருமாகிறது. பிரிந்த நீர் திரும்பி வந்துவிட்டது. ஆக்சிஜன் இப்படி ஓயாமல் வந்து சேர்வதால் எதிர்த் தகடு ஹைட்ரஜனை வெளியிடும் நிலைக்கே போவதில்லை. தகட்டுச் சட்டத்தில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் சேர்த்தது ஹைட்ரஜனை மேலும் அடக்கியது. சரியாகச் சார்ஜ் செய்தால் பிறக்கும் ஆக்சிஜனில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படித் திரும்பிவிடும். மீறி அழுத்தம் ஏறினால் வெளியே விட ஒரு ரப்பர் வால்வு உண்டு. அது வெளியே மட்டும்தான் திறக்கும். காற்று உள்ளே புகுந்தால் எதிர்த் தகட்டின் ஈயம் ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகவே சார்ஜை இழந்துவிடும்.

நீர் ஊற்ற மூடி இல்லாததால், வால்வு வழியே வெளியேறிய நீர் போனது போனதுதான். திறந்த பேட்டரியில் நாம் பார்த்துக்கொண்டது நீர்மட்டம்; மூடிய பேட்டரியில் பார்க்க வேண்டியது வோல்ட்டும் வெப்பமும். பராமரிப்பே வேண்டாம் என்று விற்கப்படுவதை நம்பி இந்த இரண்டையும் மறந்தவர்கள்தான் வாங்கிய ஓராண்டுக்குள் கடைக்குத் திரும்புகிறார்கள். மேல்தகட்டை நெம்பித் திறந்து ஊசியால் நீர் ஏற்றி உயிர்ப்பிக்கும் வித்தையையும் சிலர் செய்கிறார்கள். வால்வு மறுபடி இறுக உட்காராது, அளவும் தெரியாது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மூடியே இல்லாமல் வரும் கார் பேட்டரிகள் எல்லாம் இந்த வகை அல்ல. மேலே பச்சையாகத் தெரியும் சிறு கண்ணாடிக் கண் இருந்தால் உள்ளே ததும்பும் அமிலம் உண்டு என்று பொருள். அந்தக் கண் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை. அதைச் சாய்க்கக் கூடாது. இருசக்கர வாகனங்களிலும், சிக்னலில் எஞ்சின் தானே நின்று கிளம்பும் கார்கள் பலவற்றிலும் இருப்பவைதான் உண்மையில் ஏ.ஜி.எம்.

வோல்ட்டுக்கு வருவோம். 25 டிகிரி செல்சியஸில் ஏ.ஜி.எம். பேட்டரியை நிறைக்க 14.4 முதல் 14.7 வோல்ட் வரை கொடுக்கலாம். நிறைந்தபின் தொடர்ந்து இணைத்து வைப்பதானால் 13.5 முதல் 13.8. ஜெல் இன்னும் மென்மையானது; 14.1, 14.2 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் உறைந்த அமிலத்துக்குள் குமிழிகள் சிக்கி, தகட்டை விட்டு ஜெல் விலகிவிடும். அந்த இடைவெளி பிறகு மூடுவதே இல்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் மட்டுமே கொண்ட பழைய சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால், பேட்டரி நிறைந்த பிறகு வோல்ட் 16 வரைகூட ஏறும். திறந்த பேட்டரி கொதித்து நீரை இழக்கும், மறுநாள் ஊற்றிக்கொள்ளலாம். மூடியது தன் ஆயுளையே ஊதித் தள்ளும். கடையில் சார்ஜுக்குக் கொடுக்கும்போது, அங்கே இருப்பது தானே வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஏற்றும் மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நிம்மதி: 5 ஆம்பியர் மணி பைக் பேட்டரிக்கு அரை ஆம்பியர்.

வெப்பம் நம் ஊரில் தனிப் பகை. ஈய பேட்டரியின் வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி உயர்ந்தால் அதன் ஆயுள் பாதியாகும். நிறுவனங்கள் சொல்லும் ஆயுள் பொதுவாக 25 டிகிரிக்கு. சித்திரை வெயிலில் நிற்கும் காரின் பானட்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். சூட்டில் வினைகள் வேகமாகும் என்பதால் அதே வோல்ட்டில் அதிக மின்னோட்டம் உள்ளே போகும். முன்பு பார்த்த ஆக்சிஜன் சுற்றும் வேகமெடுக்கும். அந்தச் சுற்று வெப்பத்தை உமிழும். வெப்பம் ஏற ஏற மின்னோட்டம் ஏறும், மின்னோட்டம் ஏற ஏற வெப்பம் ஏறும். பெட்டி உப்பிப்போன மூடிய பேட்டரிகளைப் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் இதன் தடயம்தான் அது. உப்பியதை மறுபடி சார்ஜில் போடாதீர்கள். தொடர்ந்து இணைத்து வைக்கும் சார்ஜருக்கு வெப்பத்துக்கேற்ற திருத்தம் வேண்டும்: ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 20 மில்லி வோல்ட். 40 டிகிரி என்றால் 13.6-க்குப் பதில் 13.3 போதும்.

வண்டி வைத்திருப்பவரிடம் ஒரு மலிவான மல்டிமீட்டர் இருந்தால் பாதிப் பிரச்சினை முன்கூட்டியே தெரிந்துவிடும். வண்டியை நிறுத்திய உடனே அளக்கக் கூடாது. இரவு ஓய்வுக்குப் பின் காலையில், சாவியைப் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். 12.8-க்கு மேல் என்றால் நிறைவு. 12.5 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. அன்றைக்கே சார்ஜ் ஏற்றுங்கள். ஓய்வில் 12.7 காட்டிவிட்டு, செல்ஃப் அழுத்தும்போது 9 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் சார்ஜ் இருக்கிறது, பேட்டரிதான் இல்லை. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் பைக்கின் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். புதுப் பேட்டரி வாங்கி மாட்டினாலும் அது கொன்றுவிடும்.

தினமும் கடைக்கும் பள்ளிக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர்களின் நிலை பரிதாபமானது. இழந்த சார்ஜில் பெரும்பகுதி சீக்கிரம் ஏறிவிடும். கடைசி 20 சதவீதம் பல மணி நேரம் கேட்கும். அந்த நேரம் அவற்றுக்கு வாய்ப்பதே இல்லை. எப்போதும் முக்கால் நிறைவில் இருந்து இருந்தே தகடுகளில் படிகம் ஏறுகிறது. மாதம் ஒருமுறை நல்ல சார்ஜரில் இரவு முழுக்க நிறைத்தால் அந்தப் பேட்டரியின் கதையே மாறும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, கார்புரேட்டர் போய் மின்சார பம்ப்பும் இன்ஜெக்டரும் வந்துவிட்டன. முன்பு பேட்டரி செத்தாலும் இரண்டு உதையில் கிளம்பிய வண்டி, இப்போது பம்ப்புக்கே மின்சாரம் இல்லாமல் அசைய மறுக்கலாம். கிக்கரே இல்லாமல் வரும் வண்டிகளும் பல.

படகில் பேட்டரி செத்தால் தள்ளிவிட ஆள் கிடையாது. வி.எச்.எஃப். வானொலி கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர்கூட எடுக்காது. பேசும் பொத்தானை அழுத்தி 25 வாட் வீச்சில் அனுப்பும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். பலவீனமான பேட்டரியில் திரை ஒளிரும், மற்றவர் குரல் கேட்கும், நாம் பேச அழுத்திய நொடியில் வோல்ட் சரிந்து கருவி அணையும். 16-ஆம் சேனலில் உதவி கேட்க வேண்டிய நேரத்தில் அப்படி நடப்பதை எண்ணினால் மனம் பதறுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, விளக்குக்கும் ஜி.பி.எஸ்.-க்கும் எக்கோ சவுண்டருக்கும் வேறொன்று என்று பிரித்து வைப்பதற்கு ஆகும் செலவு, உயிருக்குச் செய்யும் செலவு.

இரண்டும் ஒரே வேலைக்கானவை அல்ல. ஸ்டார்ட் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகமானவை. நொடி நேரத்துக்குப் பெரும் மின்னோட்டம் தரும். மெதுவாக இரவெல்லாம் கொடுக்கும் பேட்டரிக்குத் தடித்த தகடு வேண்டும். அதிலும் எவ்வளவு ஆழம்வரை இறக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஆயுள். வழக்கமான ஏ.ஜி.எம். ஒவ்வொரு முறையும் முழுக்கக் காலியானால் சுமார் 200 தடவை தாங்கும். பாதிவரை மட்டும் என்றால் சுமார் 500. பெருக்கிப் பாருங்கள்: மொத்தமாகக் கிடைக்கும் மின்சாரமே பாதியோடு நிறுத்துகிறவருக்குத்தான் அதிகம். இரவு 12 மணி நேரம் 3.5 ஆம்பியர் தேவைப்படும் படகுக்கு 42 ஆம்பியர் மணி ஆகும் என்றால், 100 ஆம்பியர் மணி பேட்டரி சரியான அளவு. 60 போதும் என்று மிச்சம் பிடிப்பது நஷ்டம். 100 என்று அச்சிட்டிருப்பதும் 20 மணி நேரத்தில் மெதுவாக எடுக்கும் கணக்கு. 50 ஆம்பியர் வீதம் இழுத்தால் 2 மணி நேரம் வராது, ஒன்றரை மணி வந்தால் உண்டு. இந்தச் சரிவை 1897-இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் பாய்க்கர்ட் ஒரு சூத்திரமாகவே எழுதிவைத்தார்.

மூடிய பேட்டரியைப் படகில் படுக்க வைக்கலாம். தலைகீழாக வைக்கக் கூடாது. அலையில் அதிர்ந்து நகராதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். உப்பு ஈரம் மேலே படிந்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய மின்கசிவு ஓடும், ஆகவே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். வெறும் செம்புக் கம்பி உப்புக்காற்றில் பச்சை பிடித்துவிடும்; வெள்ளீயம் பூசிய கம்பி போடுவது உத்தமம். டெர்மினலைத் துலக்கி இறுக்கியபின் வேசலின் தடவுங்கள். பெட்டிக்குள் வைத்தால் காற்றோட்டத் துளை அவசியம். சார்ஜர் பழுதானால் மூடிய பேட்டரியும் வால்வு வழியே ஹைட்ரஜனை விடத்தான் செய்யும்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டின் மிகக் கொடிய வெயிலில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நிறைத்து, இணைப்பைக் கழற்றி வைத்த ஏ.ஜி.எம். பேட்டரி அந்தச் சூட்டிலும் இரண்டு மாதத்தில் 15 சதவீதம் அளவுக்குத்தான் இழக்கும். கழற்றாமல் விட்டால்? 20 மில்லி ஆம்பியர் கசிவே போதும், 61 நாளில் 29 ஆம்பியர் மணி தனியாகப் போய்விடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் எஞ்சின் உலோகத்தைத் தொட்ட கணம் பொறி பறக்கும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. நிழலான இடத்தில் வைத்து, நடுவில் ஒருமுறை அளந்து, 12.5-க்குக் கீழே போயிருந்தால் ஏற்றி வையுங்கள்.

எப்படிக் காத்தாலும் ஒருநாள் பேட்டரி முடியும். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில், செனகல் நாட்டின் டக்கார் நகரை ஒட்டிய தியாரோய்-சுர்-மேர் பகுதியில் 18 குழந்தைகள் இறந்தார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த இடத்தின் மண்ணும் தூசியும் அவர்கள் உடலில் ஏறியிருந்தன. குழந்தையின் மூளையை ஈயம் தாக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. இந்தியாவின் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதன் மதிப்பைக் கழித்துப் பில் வாங்குங்கள். வாசலில் எடைக்கு எடுப்பவர் நூறு ரூபாய் கூடுதலாகத் தந்தாலும், அது ஏதோ ஒரு கொல்லைப்புறத்தில் உடைக்கப்பட்டு அமிலம் சாக்கடையிலும் ஈயம் குழந்தைகள் விளையாடும் மண்ணிலும் சேர வாய்ப்பு அதிகம். கடைக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டிவிடுங்கள். வண்டியைக் கிளப்ப முடியாத பேட்டரியிலும், ஒரு சாவிக்கொத்து குறுக்கே விழுந்தால் அதைச் சூடேற்றும் மின்சாரம் மிச்சம் இருக்கும்.